ஸ்பீக்கர் சாரின் லேப்டாப்

கடையில் வைத்தால் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் செத்துப்போகிறது. இப்படி ஒரு சாமானை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மிக்ஸி ஓடாவிட்டால் எங்கேயும் ஓடாது. என் தையல் மிஷின் மக்கர் செய்தாலும் இடம் பார்த்து மக்கர் செய்யாது. இந்த லேப்டாப் மட்டும் ரிப்பேர் கடையில் நல்ல பிள்ளையாக எரிந்து காட்டிவிட்டு, எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளும்.

அன்று காலையும் அதே கதைதான். என் கணவர் குளித்து, சட்டை மாட்டி, கழுத்தில் நான் தைத்துக் கொடுத்த சின்னப் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி ஒரு பெருமூச்சு விட்டது. திரை கருப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கும் அடங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே பெருமூச்சு, அதே கருப்பு.

ஸ்லேட்டை இழுத்து எழுதினார். குழந்தைகள் கிறுக்குவதற்காக விற்கிற ஸ்லேட்டு அது. பேனா முனையில் காந்தம் இருக்கும், பலகைக்குள்ளே இரும்புத் தூள் இருக்கும், பேனா போகிற இடமெல்லாம் கருப்பாகும். கீழே ஒரு கட்டை இருக்கும், அதை ஒரு இழு இழுத்தால் எல்லாம் அழிந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு காகிதம் கிழித்துக் கிழித்து வீடே குப்பையாகிப் போனதால் வாங்கினோம்.

‘போதும். ஸ்டோர் ரூமே சரி’ என்று எழுதியிருந்தார்.

நான் கட்டையை இழுத்து அதை அழித்தேன். இந்த ஸ்லேட்டில் எனக்குப் பிடித்த வசதி இதுதான். முன்பெல்லாம் அவர் பேசினால் பேசியதுதான், அழிக்க முடியாது.

"சாயங்காலம் பேசிக்கலாம் ஸ்டோர் ரூமைப் பத்தி. இப்ப நகருங்க" என்றேன்.

அவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்பீக்கர் சார். முதல் மாடியில் அவர் பாடம் எடுத்தால் கீழே ஆபீஸில் இருப்பவர்களுக்கும் சமன்பாடு மனப்பாடம் ஆகிவிடும் என்பார்கள். அப்படிப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்பெட்டியை எடுத்தால் ஆள் பிழைப்பார், ஆனால் பேச மாட்டார் என்றார்கள். நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை, எடுங்கள் என்றேன். அவர்தான் ரொம்ப நேரம் யோசித்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் கொழுந்தன்தான் வழி சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அண்ணனை நிறையப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள், அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பட்டன் வைத்துத் தருகிறேன், மற்றதை அவர் தட்டச்சு செய்தால் மிஷின் குரல் படிக்கும் என்றான். எதிரொலி இல்லாத அறை வேண்டும் என்றும் சொன்னான். எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஒரு இடம்தான் உண்டு, நான் பை தைக்கிற அறை. நான்கு பக்கமும் துணிச்சுருளும் ஸ்பாஞ்ச் ஷீட்டுமாக அடைந்து கிடக்கும். அங்கே உட்கார வைத்தேன்.

மனிதர் மரியாதையான வாக்கியமாகவே பேசிக்கொண்டிருந்தார். தயவுசெய்து அமருங்கள், தண்ணீர் வேண்டும், மிக்க நன்றி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்படிப் பேசினா எந்தப் பையன் உங்களுக்குப் பயப்படுவான்? திட்டுங்க. கிளாஸ்ல என்னென்ன சொல்லித் திட்டுவீங்களோ எல்லாத்தையும் திட்டுங்க" என்றேன்.

திட்டினார். பின் பெஞ்ச், என்ன சத்தம் அங்க. நோட்டைக் காட்டு, மூஞ்சியைக் காட்டாதே. எல்லாவற்றையும் சொன்னவர் ஒன்றுக்கு மட்டும் முரண்டு பிடித்தார். பெல் அடித்ததும் பிள்ளைகள் பையை மூடத் தொடங்கினால் அவர் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் அது. "குரலே இல்லாதவனுக்குப் பெல் அடிச்சா என்ன, அடிக்கலைன்னா என்ன? அது எதுக்கு?" என்றார். "சொல்லுங்கன்னா சொல்லுங்க" என்றேன். என் மேலும், டாக்டர் மேலும், அந்தக் கட்டி மேலும் இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து, உடம்பு தேறி, கழுத்திலுள்ள துளை வழியாக மூச்சு விடப் பழகி, பட்டன்களை விரல் பழகி, மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் என்று வந்தபோதுதான் லேப்டாப் விளையாடத் தொடங்கியது. தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், பார்க்கிறேன் என்றார். போன வாரம் போனார். வகுப்பில் மேஜை மேல் வைத்துப் பட்டனை அழுத்தினால் திரை கருப்பு. பிள்ளைகள் முதலில் பாவமாகப் பார்த்தார்களாம், அப்புறம் பேசத் தொடங்கினார்களாம், அப்புறம் காகித அம்பு விட்டார்களாம். ஸ்பீக்கர் சார் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"இன்னொரு தடவை பாக்கலாம் சார். அதுவும் சரிவரலைன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும். பிள்ளைங்க படிப்பு இது" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த இன்னொரு தடவை இன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். தவறினால் அவருக்குக் கிடைப்பது ஸ்டோர் ரூம். வரைபடத்தையும் சோதனைக்குழாயையும் எண்ணி அடுக்குகிற வேலை. அதைக் கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் என் கணவர் அதற்குப் பிறந்தவர் இல்லை. அவரைச் சுவரோடு பேச விட்டால் ஒரே வருஷத்தில் ஆள் ஒடுங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"தம்பி, ஆன் ஆனால்தானே ஆஃப் பண்ண முடியும்?"

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. சார்ஜரைக் கழட்டிட்டு, பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க. அப்புறம் விட்டுட்டுத் திரும்ப அழுத்துங்க."

அழுத்திப் பிடித்தேன். கட்டைவிரல் வெளுத்ததுதான் மிச்சம்.

"இதே கம்ப்யூட்டர்தான் வேணுமா? ஸ்கூல்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல போட முடியாதா?" என்று கேட்டேன்.

"குரல் பதிவெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு அண்ணி. ஆனா எந்தப் பட்டன் எதுக்குன்னு அண்ணன் மாசக்கணக்கா மாத்தி மாத்தி வச்சிருக்கார். புதுசா அமைக்கணும்னா ரெண்டு நாளாவது ஆகும். போன்ல போட்டாலும் அதே ரெண்டு நாள்தான்."

ஆக, இதுதான் வேண்டும், இன்றைக்கே வேண்டும். நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற மாட்டேன். ஊசியை மட்டும் மாற்றிப் பார்ப்பேன். சரியாகவில்லையா, பழைய ஊசியைப் போட்டுவிட்டு நூலை மாற்றுவேன். அப்புறம் பாபினை. ஒரு நேரத்தில் ஒன்று. அவசரப்பட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது, நாளைக்கு மறுபடி அறுக்கும்.

முதலில் சார்ஜர். பக்கத்து வீட்டில் அதே மாதிரி ஒன்று இருந்தது, வாங்கி வந்து சொருகினேன். கருப்பு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிளக்கை மாற்றினேன். மேஜையை ஒட்டிய பிளக், சமையலறை பிளக், இஸ்திரிப்பெட்டி போடுகிற பிளக். ஒவ்வொன்றுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அருகில் இருக்கிற பலகை மேல் வைத்துப் பார்த்தேன். கருப்பு, கருப்பு, கருப்பு. என் கணவர் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போய், சோபாவில் கால் நீட்டி, மடியில் வைத்துக்கொண்டு சும்மா அழுத்தினார்.

எரிந்தது.

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். "ஏம்மா, கதவைத் தாழ் போட்டியா?" என்று அவருடைய பழைய குரல் கேட்டது. வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி அது, அதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார். "போட்டாச்சு" என்றேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதற்கும் மேஜையில் வைத்துப் பார்ப்போம் என்று அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்து மேஜையில் வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

என் வாயில் வந்ததை எழுத முடியாது. ஸ்லேட்டில் இருந்தால் அழித்திருப்பேன்.

ரிப்பேர் கடைக்குக் கிளம்பினேன். லேப்டாப்பை நான் தைத்த உறையோடு பெரிய பைக்குள் வைத்துத் தோளில் மாட்டி, அவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். கடையை நடத்துவது ஒரு பெண். என்னைவிடச் சின்னவள், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு யாருடைய கம்ப்யூட்டர் வயிற்றையாவது திறந்து வைத்திருப்பாள். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, மறுபடியுமா?" என்றாள். உறையிலிருந்து லேப்டாப்பை உருவி, உறையைப் பக்கத்து ஸ்டூலில் போட்டுவிட்டு, தன் மேஜையில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். உடனே பளிச்சென்று எரிந்தது. அதை உடைத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அவள் சலிக்கவில்லை. பின்பக்கம் திறந்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மாட்டி, அணைத்து, எரியவைத்துப் பார்த்தாள். ஒரு தடவை கூடத் தவறவில்லை.

"அக்கா, இதுல ஒரு கோளாறும் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, முன்னாடி ஒழுங்காத்தானே இருந்துச்சு? கடைசியா என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலைம்மா. புதுசா எதையும் போடலை. கீழ போடலை. தண்ணி படலை. அவர் கையைத் தவிர வேற கை பட்டதில்லை."

"வீட்டு கரண்ட்டுல ஏதாவது?"

"மூணு பிளக்ல பாத்துட்டேன். அதுவும் இல்லாம, ஸ்கூல்லயும் எரியலையே."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்ப மறுபடி நிக்கும்போது எதையும் அசைக்காம எனக்குப் போன் பண்ணுங்க. நான் லைன்ல இருக்கேன்" என்றாள். உறையில் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது, எனக்கு அழ நேரமில்லை.

வீட்டில் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். மேஜைக்குப் போனோம். வைத்தேன். அழுத்தினேன். விளக்கு, பெருமூச்சு, கருப்பு.

அவர் என் தோளைத் தட்டினார். ஆறுதலாம். அந்த ஆறுதல்தான் எனக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கி நகர்த்தி வைத்தேன், கொஞ்சம் வேகமாகவே வைத்துவிட்டேன். அது அவர் அப்போதுதான் அழித்து வைத்திருந்த ஸ்லேட்டு மேல் உட்கார்ந்தது. அவர் ஏதோ எழுதுவதற்காக அடியிலிருந்து ஸ்லேட்டை உருவினார். கட்டையை இழுக்கப் போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க. இதை யாரு வரைஞ்சது?"

வெள்ளையாக இருந்த ஸ்லேட்டின் ஓரத்தில் வட்டமாக ஒரு கருப்புப் பொட்டு. அதிலிருந்து அவர் உருவின திசையில் ஒரு வால். அவர் தோளைக் குலுக்கினார். நான் அழித்தேன். ஸ்லேட்டைத் திரும்ப லேப்டாப்புக்கு அடியில் வைத்து, லேப்டாப்பை நேராகத் தூக்கிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே பொட்டு. காந்தம் பட்டால்தான் இந்த ஸ்லேட்டு கருக்கும். கம்ப்யூட்டருக்கு அடியில் காந்தம் எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்த்தேன்.

அது என் பட்டை.

இந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனபோது வெளியே உட்கார்ந்து கையாலேயே தைக்கத் தொடங்கியது. சும்மா உட்கார என்னால் முடியவில்லை, அதனால் தைத்தேன். புத்தக அட்டை போல இரண்டாக விரியும், லேப்டாப்பை அதிலிருந்து எடுக்காமலே வேலை செய்யலாம். மூடிக் கட்ட ஒரு பட்டை, முனையில் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ. வெல்க்ரோவைப் பிரித்தால் ‘பர்ர்ர்’ என்று துணி கிழிகிற சத்தம் வரும். பேச்சில்லாத மனிதர் கையில் பை மட்டும் கத்துகிறதே, நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று எனக்குத்தான் கூச்சம். அவர் ஒன்றும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போகிற பேச்சு வந்ததும் வெல்க்ரோவைப் பிரித்தெடுத்துவிட்டு, கைப்பைகளுக்கு வைக்கிற உயர்ந்த ரக மேக்னெட் பட்டன் ஒன்றைப் பட்டைக்குள்ளே வைத்துத் தைத்தேன். சத்தமில்லாமல் போய்க் கவ்வும். திறந்து வைக்கும்போது பட்டை தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று, அதை மடித்து அடியில் செருகவும் பழக்கினேன். மேஜையில் வைத்தால் அடியில் செருகுவோம். பள்ளிக்கூடத்திலும் செருகியிருப்பார். சோபாவில் மடியில் வைத்தால் பட்டை பக்கத்தில் தொங்கும். கடையில் உறையே கிடையாது.

கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், சார்ஜரைச் சந்தேகப்பட்டேன், கம்பெனிக்காரனைத் திட்டினேன். என் தையலைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பட்டையை அடியிலிருந்து இழுத்து வெளியே விட்டேன். பட்டனை அழுத்தினேன். எரிந்தது. பட்டையை மடித்து உள்ளே செருகினேன். அணைந்தது. வெளியே, எரிந்தது. உள்ளே, அணைந்தது. அவர் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"அய்யோ அக்கா, மூடில ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். மூடினா கீழ இருக்கிற சென்சார் அதைப் பாத்து, ‘சரி, மூடிட்டாங்க’ன்னு கம்ப்யூட்டரைத் தூங்க வச்சிடும். உங்க பட்டன் அடியில இருந்தா திறந்திருந்தாலும் அது மூடியிருக்குன்னுதான் நினைக்கும். நான் கேட்டேனே என்ன மாத்துனீங்கன்னு."

"பையைக் கம்ப்யூட்டர் கணக்குல நான் சேக்கலைம்மா."

"நானும்தான் சேக்கலை. தூக்கி ஸ்டூல்ல போட்டேனே" என்றாள் அவள். பெருந்தன்மையான பெண்.

என் கணவர் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். ‘பட்டையை வெளியே தொங்கவிட்டால் போதும். வெட்டாதே.’

நான் ஏற்கெனவே பிளேடை எடுத்துவிட்டிருந்தேன். அவர் உறை மேல் உள்ளங்கையை வைத்துத் தடுத்தார். எதற்காகத் தடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து கண் திறந்த அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்தது நானும் இந்த உறையும்தான்.

"கையை எடுங்க" என்றேன். "கிளாஸ்ல நீங்க போர்டு பக்கம் திரும்பும்போது பட்டை அடியில போச்சுன்னா? யாராவது மேஜையை இடிச்சா? தொங்கவிட்டுப் பாக்கலாம்னு விட்டா அது வேலை இல்லை, வேண்டுதல். இது நான் தைச்சது, நான்தான் பிரிப்பேன்."

அவர் கையை எடுத்தார். பட்டையின் தையலைப் பிளேடால் பிரித்து, காந்தத்தை வெளியே எடுத்துக் கழுவுதொட்டிப் பக்கம் வீசினேன். அது போய் ஒரு பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய வெல்க்ரோத் துண்டை டப்பாவிலிருந்து தேடியெடுத்து, மிஷினில் வைத்து நான்கு பக்கமும் ஓட்டினேன். அவசரத்தில் தையல் கோணலாகப் போயிற்று. மற்ற நாளாக இருந்தால் பிரித்துத் திரும்பத் தைத்திருப்பேன். மேஜையில் வைத்து, பட்டையை வேண்டுமென்றே அடியில் செருகி, அழுத்திப் பார்த்தேன். எரிந்தது. அணைத்து, தூக்கி, மறுபடி வைத்து, மறுபடி அழுத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி என்னை இழுத்துக்கொண்டு போகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார். "நான் இங்கயே நிக்கிறேன் மேடம்" என்று வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன். உள்ளே போனால் அவருக்குப் பதிலாக நான் பேசிவிடுவேனோ என்று எனக்கே என் மேல் பயம்.

பிள்ளைகள் ஒரே இரைச்சல். அவர் மேஜையருகில் போய் உறையைப் பிரித்தார்.

‘பர்ர்ர்ர்.’

வகுப்பு முழுக்கத் திரும்பியது. யாரோ ஒருவன் வாயால் அதே சத்தத்தைச் செய்தான், எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். அவர் நிதானமாக, கூடவே கொண்டு போயிருந்த சின்ன ஒலிபெருக்கியின் வயரைச் சொருகினார். பட்டையை மடித்து அடியில் செருகினார். செருகிவிட்டு ஜன்னல் பக்கம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டனை அழுத்தினார். விளக்கு. பெருமூச்சு. திரை எரிந்தது.

ஒரு பட்டனைத் தட்டினார். பதற்றத்தில் வேறு எதையோ தட்டிவிட்டார் போலிருக்கிறது.

"ஏம்மா, கதவைத் தாழ் போட்டியா?" என்று வகுப்பறை அதிரக் கேட்டது அவர் குரல்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கதவோரமாக இருந்த ஒரு பெண் எழுந்து, தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, "இல்ல சார், திறந்துதான் இருக்கு" என்றாள் பவ்யமாக. சிரிப்பு கூரையில் மோதியது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவில்லை. சரியான பட்டனைத் தேடி அழுத்தினார்.

"பின் பெஞ்ச், என்ன சத்தம் அங்க?"

சத்தம் நின்றது. சட்டென்று, குழாயை மூடியது போல நின்றது. பின் பெஞ்சில் தலைமை ஆசிரியையும் இருந்ததால் அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் சோபாவில் சன்னமாக வைத்துத்தான் நான் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிதாகக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் வலித்தது.

பிறகு பாடம் நடந்தது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார், திரும்பி வந்து ஒரு தட்டு. "இந்தப் பக்கம் என்ன செஞ்சியோ, அதையே அந்தப் பக்கமும் செய்." மறுபடி பலகை, மறுபடி ஒரு தட்டு. பதிவில் இல்லாததைத் தட்டச்சு செய்தார், மிஷின் குரல் படித்தது. அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கமே இல்லை, பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். அவரும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். நடுவில் அவர் பலகைப் பக்கம் திரும்பியபோது முன் பெஞ்சுப் பையன் ஒருவன் முழங்கையால் மேஜையை இடித்தான். லேப்டாப் ஒரு பக்கம் நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் திரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

"புரியல சார்" என்று ஒரு பெண் எழுந்தாள். தலைமை ஆசிரியை பேனாவை எடுத்து மடியிலிருந்த காகிதத்தில் ஏதோ எழுதினார். என் கணவர் அந்தப் பெண்ணைப் பலகைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டி, சாக்பீஸைக் கொடுத்து, அவள் தவறு செய்த இடத்தில் விரல் வைத்து, விரலை எடுக்காமல் நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே அழித்துத் திருத்தினாள். இது முன்பு அவர் செய்யாதது. முன்பாக இருந்தால் இதற்குள் அவரே விடையைக் கத்திச் சொல்லியிருப்பார்.

அடுத்த கணக்கைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. வகுப்பு தன் வழக்கப்படி எழுந்தது. பைகள் மூடின, பெஞ்சுகள் கிறீச்சிட்டன. தலைமை ஆசிரியையும் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் சாக்பீஸை வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் மேஜைக்கு வந்து, ஓரத்தில் இருந்த ஒரு பட்டனை அழுத்தினார்.

தையல் அறையில், துணிச்சுருள்களுக்கு நடுவில், ஆத்திரத்தில் ஒரே மூச்சாகச் சொன்ன அந்த வாக்கியம், அதே ஆத்திரத்தோடு வராந்தா வரைக்கும் வந்தது.

"பெல் உங்களுக்குத்தான் அடிச்சது. நான் இன்னும் முடிக்கல. உக்காரு."

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். எழுந்து நின்ற தலைமை ஆசிரியையும் மறுபடி உட்கார்ந்தார்.